கரி கிரில்லில் பூஞ்சணம்: எரிப்பதா, கழுவுவதா?

டொராண்டோவில் பனி உருகி முடிந்த ஏப்ரலில் கெட்டில் கிரில்லின் (மூடி போட்ட உருண்டையான கரி அடுப்பு) மூடியைத் திறந்தால், கம்பித் தட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம் புசுபுசுவென்று பூத்திருப்பது இங்கே பல வீடுகளில் நடப்பதுதான். அக்டோபரில் கடைசியாகச் சுட்ட கோழியின் கொழுப்பும் மூடிக்குள் அடைபட்ட ஈரமும் அதற்குப் போதும். இந்த வருஷம் நான் எரித்துத்தான் சுத்தம் செய்தேன். முன்பு சோப்புப் போட்டுக் கழுவியும் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு எரிப்பதற்கே.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பழைய கரியையும் சாம்பலையும் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்த கரியைக் காயவைத்துத் திரும்ப எரிக்க நினைக்காதீர்கள். காய்ந்த பூஞ்சணத்தை அப்படியே தேய்த்தால் தூள் பறக்கும்; லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறம் கறுப்பாக உரிந்து தொங்குவது பெரும்பாலும் பூஞ்சணம் அல்ல, புகையும் கொழுப்பும் படிந்து கருகிய ஏடு. அதைச் சுரண்டினால் போதும்.

கழுவுவது சுலபமாகத் தெரியும். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் வினிகர், அரை மணி நேர வேலை. கறை போகும், மணமும் போகும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அடியிலுள்ள காற்றுத் துவாரத் தகடுகள், கால் பொருந்தும் இடம், திருகாணிகள் எல்லாவற்றுக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிடும். ஏப்ரல் மாதக் குளிரில் அது சீக்கிரம் காயாது. மூலையில் ஒட்டிய சாம்பல் அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். வார்ப்பிரும்புத் தட்டாக இருந்தால் சோப்பில் ஊறவைத்த மறுநாளே செந்துரு தெரியும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது இந்த ஈரம்தான். பூஞ்சணத்தைக் கொல்வது பெரிய விஷயமில்லை. அதற்குத் தீனியான கொழுப்பும் ஈரமும் மிச்சமிருந்தால் மூடிய கிரில்லுக்குள் அது திரும்ப வரும். நெருப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொள்கிறது: பூஞ்சணம் சாகிறது, கொழுப்பு கருகி உதிர்கிறது, இடுக்கில் இருந்த ஈரமும் ஆவியாகிறது.

செய்முறை இதுதான். அடியில் கட்டியாக உறைந்த கொழுப்பை முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள்; விட்டால் அது குப்பென்று பற்றிக்கொள்ளும். சிம்னியில் (கரி மூட்டும் உலோகக் குழாய்) முழுக்கக் கரியை மூட்டி, சாம்பல் பூத்ததும் பரப்பி, தட்டை வைத்து மூடி, மேலும் கீழும் துவாரங்களை முழுதாகத் திறந்து விடுங்கள். சூடு 250 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். முக்கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும். முதலில் வரும் புகை நாறும், காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். அப்புறம் அலுமினியத் தாளைப் பந்தாகக் கசக்கி, இடுக்கியால் பிடித்துத் தட்டைத் தேய்த்தால் கருகியதெல்லாம் பொலபொலவென்று உதிரும். கம்பித் தூரிகை வேண்டாம்: உதிர்ந்த கம்பி இறைச்சியோடு வயிற்றுக்குள் போனவர்களைப் பற்றி அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2012லேயே எச்சரித்திருக்கிறது. ஆறியதும் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, தட்டில் மெல்லிசாகக் கனோலா எண்ணெய் தடவுங்கள். தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரிதான்.

எரிப்பதற்கு ஒரு சிம்னி கரி செலவு. மரக் கைப்பிடியிலும் பக்கப் பலகையிலும் உள்ள பூஞ்சணத்துக்கு நெருப்பு உதவாது, அங்கே சோப்புதான். மெல்லிய தகட்டில் பெயின்ட் அடித்த சின்னக் கிரில்லையும் இவ்வளவு சூட்டுக்குக் கொண்டுபோக எனக்குத் தைரியம் வராது. அதைக் கழுவி வெயிலில் காயவைப்பேன். பீங்கான் கமாடோவை (முட்டை வடிவக் கரி அடுப்பு) நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. ஆனால் அதன் சுவர் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் அதற்கும் எரிப்பதுதான் சரியாகப் படுகிறது.

ப்ளீச்சை மட்டும் யோசிக்கவே வேண்டாம். இரும்பை அரிக்கும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அடுத்த இலையுதிர்காலத்தில் கடைசியாகச் சுட்ட அன்றே சாம்பலைக் கொட்டி, துவாரங்களைத் திறந்து வைத்து, கிரில் நன்றாக ஆறிக் காய்ந்த பிறகே உறை போடுங்கள்.