கோபுரம் இல்லாத களத்தில் எதை நம்புவது: கண்ணா, ரேடியோவா, திரையா, சர்க்யூட்டா?

மதுரையில் இறங்கும் விமானங்களுக்கு யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்லப் பெருங்குடியில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து விமானிப் பயிற்சிக்கு அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கு எல்லா இடத்திலும் அந்தத் துணை கிடைக்காது. அங்கே பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000. கோபுரம் உள்ளவை 500 அளவுதான். மற்ற இடங்களில் விமானிகளே தங்களுக்குள் வரிசை அமைத்துக்கொள்ள வேண்டும். கானாடுகாத்தான் பக்கம் கிடக்கும் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதையில் நாளை பயிற்சி விமானங்கள் பறந்தாலும் இதே நிலைமைதான்.

முதலில் கண். எதிரே வரும் விமானத்தைக் கண்டு, புரிந்துகொண்டு, விலகத் தொடங்க 12.5 விநாடி ஆகும் என்கிறது அமெரிக்க விமானத்துறையின் வழிகாட்டுதல். தலா 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கி.மீ.) வேகத்தில் இரண்டு செஸ்னா சிறு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால், அந்த நேரத்துக்குள் சுமார் 1,160 மீட்டர் இடைவெளி கரைந்துவிடும். அவ்வளவு தூரத்தில் 11 மீட்டர் இறக்கை எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை முழுவதும் நீட்டி, விரல் நுனியில் ஓர் அரிசியைப் பிடித்துப் பாருங்கள், அவ்வளவுதான். மோதப்போகும் விமானம் கண்ணாடியில் இடம் மாறாமல் ஒரே புள்ளியில் நிற்கும், அதனால் கண்ணை இழுக்காது. செஸ்னாவுக்கு மேலிருக்கும் இறக்கை மேல்பக்கத்தை மறைக்கும். பைப்பர் என்ற இன்னொரு வகைச் சிறு விமானத்தின் தாழ்ந்த இறக்கை கீழ்ப்பக்கத்தை மறைக்கும். பைப்பர் மேலேயும் செஸ்னா கீழேயுமாக இறங்கினால் இருவருக்குமே அடுத்தவர் தெரியமாட்டார்.

ரேடியோ இதைவிட மேல். 10 மைல் தொலைவிலிருந்தே பொது அலைவரிசையில் இடத்தையும் உயரத்தையும் சொன்னால், எந்தப் பக்கம் தேடுவது என்பதாவது மற்றவருக்குத் தெரியும். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு கலிபோர்னியாவின் வாட்சன்வில் சாட்சி. 2022 ஆகஸ்ட் 18 அன்று சர்க்யூட்டில், அதாவது இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் செவ்வகப் பாதையில், ஒரு செஸ்னா 152 பறந்துகொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று மிகுந்த வேகத்தில் நேராக ஓடுபாதையை நோக்கி வந்தது. இருவரும் ரேடியோவில் பேசினார்கள். பின்னால் வருபவர் வேகமாக வருகிறார் என்பதால் இறங்காமல் மேலெழுவதாகச் சிறிய விமானத்தின் விமானி அறிவிக்கவும் செய்தார். அப்படியும் மோதல் நடந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

திரையில்தான் எல்லாம் தெரிகிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பி மற்றவர் திரையில் காட்டும் ஏடிஎஸ்-பி நல்ல கருவி; வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் அமெரிக்காவில் 2020 முதல் அது கட்டாயமானது குறிப்பிட்ட வான்பகுதிகளில்தான். சிறிய களங்கள் பலவற்றைச் சுற்றி அந்தக் கட்டாயம் இல்லை. கருவி பொருத்தாத விமானம் திரையில் வராமல் போகலாம். இறங்கும் நேரத்தில் தலையைக் குனிய வைக்கும் எதையும் நான் முதலிடத்தில் வைக்கமாட்டேன். களத்துக்கு வெகு முன்னதாக, எத்தனை பேர் அங்கே சுற்றுகிறார்கள் என்று அறிய அது உதவும்.

என் தேர்வு சர்க்யூட் ஒழுங்கு. தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரம், வேறு அறிவிப்பு இல்லாவிட்டால் இடப்பக்கத் திருப்பம், டவுன்விண்டுக்கு (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பக்கம்) 45 பாகையில் நுழைவு. இதற்குச் செலவே இல்லை. ரேடியோ இல்லாத பழைய விமானத்துக்கும் இது பொருந்தும். எல்லோரும் ஒரே பாதையில், ஒரே உயரத்தில், பொருந்திய வேகத்தில் வந்தால் கண் தேட வேண்டிய வானம் சுருங்கிவிடும். ‘டவுன்விண்டில் இருக்கிறேன்’ என்ற ரேடியோ வார்த்தைக்கும் அப்போதுதான் பொருள் உண்டு.

நேராக இறங்குவதற்குத் தடை இல்லை. ஆனால் சர்க்யூட்டில் ஒருவர் இருந்தாலும் அவருடைய வரிசையைக் குலைக்கக் கூடாது. வேகமான விமானத்தில் வருபவர்தான் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, தேவையானால் விலகிப் போய், முறைப்படி மீண்டும் சேர வேண்டும்.