மார்ச் மாதத்தில் லொஃபோட்டன்: தண்ணீருக்கு மேல் ஒரு ரூர்பு

நோர்வேயின் வடக்கே இருக்கும் லொஃபோட்டன் தீவுகளுக்குப் போகிறோம் என்றால் ஒஸ்லோவில் எல்லோரும் ஜூலை மாதத்தைத்தான் சொல்வார்கள். நள்ளிரவுச் சூரியன், பச்சை மலை, வழியை அடைத்தபடி கேரவன்கள். நான் பிடிவாதமாக மார்ச்சில் இடம் பிடித்தேன். காரணம் மீன். பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் ஸ்க்ரை என்ற கொட் மீன், ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் இந்தத் தீவுகளைத் தேடி வருகிறது. மார்ச் கடைசியில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம் என்பதால் பகலில் ஊர் பார்க்கலாம், வானம் திறந்தால் இரவில் வடதுருவ ஒளியும் பார்க்கலாம்.

தங்கியது ரெய்னே என்ற மீனவ ஊரில், மரக்கால்களின்மேல் நிற்கும் சிவப்பு ரூர்பு ஒன்றில். வெளியூர்களிலிருந்து மீன்பிடிக்க வந்தவர்கள் பருவம் முடியும்வரை ஒண்டிக்கிடந்த குடில்கள் இவை. முதல் குடில்களை 1120 வாக்கில் ஐஸ்டைன் மன்னர் கட்டுவித்ததாகச் சொல்வார்கள். இப்போது அதே வடிவத்துக்குள் சூடேறும் குளியலறைத் தரையும் வைஃபையும் இருக்கின்றன. வற்று நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே பாசி படிந்த கற்கள். பெருக்கு வந்ததும் தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர் களக் களக் என்று அடிக்கிறது. எனக்கு அது தாலாட்டு. என் கணவர் இரவில் இரண்டு முறை எழுந்து குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்தார்.

குறையும் உண்டு. இணையத்தில் காட்டிய விலையில் படுக்கை விரிப்பும் இல்லை, கடைசி நாள் துப்புரவும் இல்லை. இரண்டுக்கும் தனிக் காசு. நோர்வேயில் இது வழக்கம்தான். ஆனாலும் வாங்கிய வாடகைக்கு ஒரு தலையணை உறையாவது போட்டிருக்கலாம். குசினியில் இருந்த கத்தி வெண்ணெய் மட்டுமே வெட்டும். மிளகாய்த்தூளும் புளியும் நான் கொண்டுபோனேன். அடுத்தவர்கள் கத்தியையும் கொண்டுபோங்கள். தாளித்தபோது புகை எச்சரிக்கை அலறிய அலறலில் பக்கத்துக் குடில் ஜெர்மன்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். அன்றைக்கு இறங்கிய ஸ்க்ரையில் வைத்த குழம்பு அந்த அமளிக்குத் தகும்: சதை வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தது.

கட்டாயம் நடக்கவேண்டிய இடம் ஹம்னொய் பக்கத்து மீன் காயப்போடும் பரண்கள். தலை நீக்கிய மீன்களை வாலில் இரண்டிரண்டாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நமது கருவாடு போல உப்புக் கிடையாது, வெறும் காற்றுதான். வெதுவெதுப்பான நீரோட்டம் குளிரைப் பூச்சியப் பாகை அருகிலேயே நிறுத்தி வைப்பதால் மீன் உறைந்து கெடுவதுமில்லை, அழுகுவதுமில்லை. உடல் பெரும்பாலும் இத்தாலிக்கும், கொத்துக் கொத்தாகக் கோத்த தலைகள் நைஜீரியாவுக்கும் போகின்றன. அதற்கு முன் பள்ளிப் பிள்ளைகள் தலையைக் கூர்முனையில் குத்தி நாக்கை அறுத்தெடுத்து விற்கிறார்கள், காசு அவர்களுக்கே. வாடை மூக்கில் ஏறும். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு அது குறையாகப் படவில்லை.

நேபாளத்து ஷெர்பாக்கள் கற்படி அமைத்த ரெய்னேபிரிங்கன் மலையைப் பனிக்காலத்தில் மறந்துவிடுங்கள். பனிச்சரிவு ஆபத்து உண்டு. அதற்குப் பதில் இ10 வீதி முடியும் ஓ என்ற ஊருக்குப் போகலாம்.

பெருநிலத்து நகரமான போடோவிலிருந்து ரெய்னேக்குப் பக்கத்து மொஸ்கெனெஸ் துறைக்கு வரும் கப்பல் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும்; குளிர்காலக் காற்றில் அதுவும் நிற்கும், லெக்னெஸ் வரும் சிறிய விமானமும் நிற்கும். ஒஸ்லோவுக்குத் திரும்பும் விமானத்தை அதே நாளில் போடாதீர்கள், இடையில் ஓர் இரவு விடுங்கள். வாடகைக் காருக்கு ஆணி டயர் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டு என்பதால் சாமான்களை லெக்னெஸில் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். நான்கு பேர் என்றால் குளியலுக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடிலின் சுடுதண்ணீர்த் தொட்டி மூன்றாவது ஆளோடு கைவிரித்துவிட்டது.