பிகோ தீவின் வெள்ளை ஒயின்: அரிண்டோவா, வெர்டெல்யோவா?

போர்ச்சுகலின் அசோரஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பிகோவிலிருந்து புறப்படும் நாளில், என் பெட்டியில் நான்கு புட்டிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. அரிண்டோ, வெர்டெல்யோ என்னும் இரு திராட்சை வகைகளின் ஒயினையும் இரண்டுக்கு இரண்டு என்று வாங்கத்தான் கடைக்குள் நுழைந்தேன். மூன்று அரிண்டோவும் ஒரு வெர்டெல்யோவும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். முந்தைய இரவு உண்ட உணவே அதற்குக் காரணம்.

இரண்டுமே இனிப்பில்லாத, குளிரவைத்துப் பருகும் ஒயின்கள். மண்ணென்று சொல்ல ஏதுமற்ற எரிமலைப் பாறையின் வெடிப்புகளில் ஊன்றிய கொடிகளில் விளைபவை. உப்புக் காற்றைத் தடுக்க, கருங்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி எழுப்பிய சிறு சிறு அடைப்புகளுக்குள்தான் இரண்டும் வளர்கின்றன. ‘குர்ராய்ஷ்’ எனப்படும் இவ்வடைப்புகள் நிறைந்த நிலப்பரப்பை 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நண்டு பாடுவது காதில் விழும் தூரத்துத் திராட்சையே சிறந்தது என்பது தீவினரின் பேச்சு.

புகழ் வெர்டெல்யோவுக்கே உரியது. ரஷ்யப் பேரரசர்களின் மேசை வரை சென்றதாகப் பேசப்படும் பிகோ ஒயின் இந்தத் திராட்சையின் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. ஆனால் புகழ்பெற்ற அந்த ஒயின் வீரியம் மிகுந்த வேறொரு வகை. இன்று கடையில் கிடைக்கும் இலேசான வெள்ளை ஒயினுக்கு அந்தப் பெருமையைக் கடனாகக் கொடுக்க வேண்டியதில்லை. இன்றைய வெர்டெல்யோ பழவாசனை மிக்கது; நாவில் சற்றுத் திரட்சியாக நிற்பது. தனியாகப் பருகுவோருக்கு இதுவே முதலில் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான் பிடித்தது.

அரிண்டோ டோஸ் அசோரெஸ் என்பது பெயரில் மட்டுமே போர்ச்சுகல் பெருநிலத்து அரிண்டோவோடு ஒத்தது, திராட்சை வேறு. அதன் பலம் புளிப்பு. அந்தப் புளிப்பின் அருமை தனியாகக் குடிக்கும்போது தெரியாது, சாப்பாட்டோடுதான் தெரியும். பாறையில் ஒட்டி வாழும் கூம்புச் சிப்பியான லாப்பாஷை ஓட்டோடு இரும்புத் தட்டில் சுட்டு, பூண்டும் வெண்ணெயும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கொண்டுவந்து வைத்தார்கள். எலுமிச்சையைப் பிழிந்து ஒன்றை வாயில் போட்டபின் வெர்டெல்யோவைப் பருகினால், எலுமிச்சையின் முன் ஒயின் சப்பென்றாகிவிட்டது. அடுத்த சிப்பிக்கு அரிண்டோவை எடுத்தேன்: நாவில் படிந்திருந்த வெண்ணெய்ப் பிசுக்கு ஒரே மிடறில் நீங்கி, சிப்பியின் கடலுப்பு மட்டும் எஞ்சியது. தட்டு காலியாகும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தும் முடிவு மாறவில்லை.

இடைக்கடலுக்கு அப்பால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் உள்ள சாவ் ஜோர்ஜ் தீவின் பாலாடைக்கட்டியிலும் இதே கதைதான். காய்ச்சாத பசும்பாலில் செய்து மாதக்கணக்கில் முதிரவைக்கும் அந்தக் கட்டி, நாக்கின் ஓரத்தைச் சுருக்கென்று கடிக்கும். அதன் கொழுப்புக்கும் காரத்துக்கும் ஈடுகொடுத்தது அரிண்டோதான். நான் உண்டது ஏழு மாதம் முதிர்ந்தது; இரண்டாண்டு முதிர்ந்த கட்டிக்கும் இது பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

வெர்டெல்யோ தோற்றே போனது என்று பொருளல்ல. வெங்காயத்தோடு வதக்கிய சூரை மீனுக்கு, வெங்காயத்தின் இனிப்போடு இணைந்துபோனதால், அதுவே மேல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தால்தான் அதன் வாசனை எழுகிறது. பேய்க்கணவாய்க் குழம்புக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்கவில்லை: தீவினர் அதை ‘வின்யோ டி ஷெய்ரோ’ என்னும், ஸ்ட்ராபெரி மணக்கும் தங்கள் சிவப்பு ஒயினிலேயே வேகவைக்கிறார்கள், உடன் பருகவும் அதுவே பொருத்தம். மூன்றாவது உள்ளூர்த் திராட்சையான டெரண்டெஸை ஒரே ஒரு கோப்பைதான் பருகினேன் என்பதால், அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

கொண்டுவந்த மூன்று அரிண்டோக்களில் இரண்டு தீர்ந்துவிட்டன. வெர்டெல்யோ இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது. நல்ல சூரைத் துண்டு கிடைக்கும் நாளில் திறப்பேன்.