நீ சூன் காட்டுப் பூ, 18 வெள்ளிக்கு

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் ஒரு வெள்ளை கோப்சியா பூத்து நிற்கிறது. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. செடியிடம் ஒரு குறையும் இல்லை. விற்ற கடையைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் பூ. ஐந்து வெள்ளை இதழ், நடுவில் குங்குமப் பொட்டு. அத்தை பார்த்ததும், "நித்தியகல்யாணிக்கா இவ்வளவு காசு குடுத்தே?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, இரண்டும் ஒரே குடும்பம். நந்தியாவட்டை, அரளி எல்லாமே இதற்குச் சொந்தம்தான். ஆனால் கிட்டே போய்ப் பாருங்கள். மெல்லிய நீண்ட குழாயின் நுனியில் பூ விரிந்திருக்கும். இலை தடிப்பாக, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். மலர்வதற்கு முந்தைய நாள் மொட்டில் இதழ்கள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு நிற்கும். "விளக்குக்குத் திரி திரிச்ச மாதிரி இருக்கு பாரு" என்று எனக்குக் காட்டியதும் அத்தைதான். இப்போது தினமும் இரண்டு பூ சாமிப் படத்துக்குப் போகிறது.

நான் இதைத் தேடி அலைந்ததற்குக் காரணம் பெயர். கோப்சியா சிங்கபுரென்சிஸ்: அறிவியல் பெயரிலேயே நம் ஊர். 1888இல் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி வைத்தது. ரப்பரை இந்த வட்டாரத்தில் ஊன்றிய அதே ரிட்லி. நன்னீர்ச் சதுப்புக் காட்டில் வளர்கிற செடி இது. அந்தக் காடுகளெல்லாம் தோட்டமாகவும் குடியிருப்பாகவும் மாறிப்போக, சொல்லும்படியாக மிஞ்சியது நீ சூன் சதுப்புக்காடுதான். சிங்கப்பூரில் இயற்கையாக வளர்பவை மிகவும் அருகிவிட்டன. யீஷூன் என்பதே நீ சூனின் மாண்டரின் உச்சரிப்பு. இருபது வருஷமாக அந்தப் பெயரில் குடியிருந்துகொண்டு, அந்தக் காட்டுப் பூ எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

கடையின் பெயர் வேண்டாம். செடிகளை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், வெட்டுக்காயமோ பூச்சியோ இல்லை. ஆனால் அட்டையில் வெறும் 'கோப்சியா' என்றுதான் இருந்தது. 12 வெள்ளி கொடுத்து, பூவில்லாத செடி ஒன்றைத் தூக்கி வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பூத்தது, இளஞ்சிவப்பில்! அது கோப்சியா ஃபுருட்டிகோசா, தோட்டங்களில் சாதாரணமாகப் பார்க்கிற வகை. படத்தைக் காட்டியதற்கு, "நாளானா வெள்ளையாயிடும்" என்றார் கடைக்காரர். அந்தப் பூ வெளிறுவது உண்மைதான். அதற்காக அது நான் கேட்ட செடி ஆகிவிடுமா? அரை மணி நேரம் நின்று பேசிய பிறகு, மேலே 6 வெள்ளி வாங்கிக்கொண்டு சரியான செடியைக் கொடுத்தார்கள்.

அதோடு ஒரு யோசனையும் சொன்னார்கள்: சதுப்புச் செடியாம், அடித்தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கட்டுமாம். நம் ஊரில் இப்படிச் சொல்லலாமா? எங்கள் எதிர்வீட்டுப் பையன் டெங்கியில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். தட்டில் தேங்கும் ஒரு கை தண்ணீர் போதும், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட. தட்டை அன்றைக்கே தூக்கிப்போட்டேன்.

ஈரம் வேண்டும் என்பது மட்டும் சரி. முதல் மாதம் இரண்டு வேளை ஊற்றியும் இலை தொங்கியது. ஒருநாள் தொட்டியைக் கவிழ்த்தேன். மண் செங்கல் மாதிரி முழுசாக வந்தது. நடுவே விரலை விட்டுப் பார்த்தால் வறண்ட பொடி. ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓரமாக வழிந்து ஓடியிருக்கிறது, வேருக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. வாளித் தண்ணீரில் ஊறவைத்து அந்தக் கட்டியை மெல்லக் கரைத்தேன். மக்கிய உரமும் தேங்காய் நாரும் கலந்து பெரிய தொட்டியில் வைத்து, மேலே காய்ந்த இலைகளைப் பரப்பினேன். பத்தே நாளில் துளிர் விட்டது.

எங்கள் வாசலில் காலை வெயில் மட்டும்தான், அது போதுமாக இருக்கிறது. நிலத்தில் வைத்தால் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும் என்பதால், நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டு, அவ்வப்போது கிளையைக் கத்தரிக்கிறேன். வெட்டிய இடத்தில் பால் வடியும். கையைக் கழுவிவிடுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

வாங்குவதாக இருந்தால் பூத்திருக்கும் செடியையே கேளுங்கள். மொட்டு மட்டும் இருந்தால் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். இரண்டு வகையும் இன்னும் அதே ஒற்றை அட்டைக்குப் பின்னால்தான் நின்றன. பிரித்து எழுதக்கூடாதா என்று கேட்டேன். "நீங்களே எழுதிக் குடுங்க, மாட்டிடறேன்" என்றார். அவரிடமே பேனா வாங்கி இரண்டு அட்டை எழுதினேன், ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி.