மெரினா மணலா, சிந்தெடிக் டிராக்கா: வேகத்துக்கு எது உதவும்?

மெரினாவில் விடியற்காலை மணலில் ஓடுவது கடினமான பயிற்சி, சந்தேகமே இல்லை. கெட்டித் தரையில் அதே வேகத்தில் ஓடுவதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். ஆனால் 100 மீட்டர் ஓடுபவருக்கு அந்த உழைப்பு முழுவதும் பந்தயத்தில் கைகொடுக்காது.

காரணம், பாதம் தரையில் தங்கும் நேரம். முழு வேகத்தில் பாதம் தொட்டு எழுவதற்கு 0.1 விநாடி அளவே கிடைக்கும். அதற்குள் குதிகால் தசைநாண் இழுபட்டு, வில்லைப்போல் திருப்பித் தள்ள வேண்டும். நழுவும் மணல் அந்த விசையை விழுங்கிவிடும். பாதமும் கூடுதல் நேரம் தங்கும். மாதக்கணக்கில் மணலிலேயே ஓடினால் மெதுவாகத் தள்ளும் பழக்கம்தான் காலில் படியும். உச்ச வேகம் பெரியமேடு நேரு ஸ்டேடியம் போன்ற சிந்தெடிக் டிராக்கில், ஸ்பைக்ஸ் (அடியில் ஆணிகள் உள்ள ஓட்ட ஷூ) போட்டு ஓடினால்தான் ஏறும்.

டிராக்கில் செய்ய வேண்டியது: 30 மீட்டர் படிப்படியாக வேகமெடுத்து, அடுத்த 20 மீட்டரை முழு வேகத்தில் கடப்பது. 4 முறை போதும். இடையே 4 முதல் 5 நிமிட ஓய்வு. 2.20 விநாடியில் கடந்தவர் 2.30-ஐத் தாண்டினால் அன்று அதோடு நிறுத்திவிடுங்கள். களைப்போடு ஓடினால் பின்தொடைத் தசை பிய்யும் ஆபத்து அதிகம். ஓய்வைச் சுருக்கினால் அது வேகப் பயிற்சியே அல்ல.

மணலுக்கும் இடம் உண்டு. அதிர்வு குறைவு என்பதால், முன்னங்கால் எலும்பு வலிக்குப் பிறகு ஓட்டத்துக்குத் திரும்புபவருக்கும், சீசன் முடிந்த காலத்தில் உடல்திறன் சேர்ப்பவருக்கும் நல்லது. வாரம் 2 நாள், 30 மீட்டர் 6 முறை, நடந்தே திரும்பலாம். அலையோரச் சரிவில் ஒரே திசையில் ஓடாதீர்கள்; கடல் பக்கக் கால் எப்போதும் தாழ்ந்தே விழும், இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்கும். கண்ணாடிச் சில்லுக்குப் பயந்தாவது ஷூ போடுங்கள்.

முதல் 10 மீட்டர் பாய்ச்சலுக்கு மணலைவிட, தோளில் பளு ஏந்தி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டே மேல் என்பது என் கருத்து. அந்த முதல் அடிகளில் பாதம் சற்று நீண்ட நேரம் தரையில் இருப்பதால், பளுவில் சேர்த்த பலம் வேலை செய்ய வழி இருக்கிறது. எடையை அளந்து ஏற்றவும் முடியும்.

மணலிலிருந்து நேரே ஸ்பைக்ஸுக்குத் தாவுவதில்தான் பலருக்குக் கெண்டைக்கால் பிடிக்கிறது. நடுவே 2 வாரம் சாதாரண ஷூவில், 80 சதவீத வேகத்தில் டிராக்கில் ஓடுங்கள். போட்டிக்கு 3 வாரம் முன்பே மணலை விட்டுவிடுங்கள்.