கார்டு கடனைப் பேசி முடிப்பதாகச் சொன்னவர்களிடம் 42,500 ரூபாயை இழந்தேன்: ஓர் எச்சரிக்கை

நான் ஒருமுறைகூட நீதிமன்றப் படியேறாமலேயே, என் கிரெடிட் கார்டு பாக்கிக்காக வங்கி தொடுத்த வழக்கில் எனக்கு எதிராகத் தீர்ப்பாகிவிட்டது என்பது நேற்று மாலைதான் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் எழுத விடாது.

கடன் என்னுடையதுதான், அதில் மறுப்பில்லை. வேலை போன சில மாதங்களில் பாக்கி 1,86,000 ரூபாயை எட்டியது. மாதம் 3.5 சதவீத வட்டி, தாமதக் கட்டணம், இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி என்று அது ஏறிக்கொண்டே போன நாள்களில், வங்கியிடம் பேசிப் பாதித் தொகைக்குக் கடனை முடித்துத் தருவதாகக் கைபேசியில் விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை அழைத்தேன். அந்த வாரம் என்னிடம் பேசிய அத்தனை பேரும் "எப்ப கட்டுவீங்க?" என்றே தொடங்கினார்கள். இந்தப் பெண் மட்டும் "சாப்டீங்களா சார்?" என்று கேட்டார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். வங்கிக்கு இனி ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், அழைப்புகளை எடுக்க வேண்டாம், தபாலில் எது வந்தாலும் படம் பிடித்து அனுப்பினால் போதும், மற்றதை எங்கள் வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். மாதம் 8,500 வீதம் ஐந்து தவணைகளில் 42,500 ரூபாய் கட்டினேன்.

பிறகு ஒருநாள் நீதிமன்ற ஊழியரான அமீனா வீட்டுக்கு வந்து சம்மனையும், வங்கி தாக்கல் செய்த வழக்கு மனுவான பிராதின் நகலையும் கொடுக்க, நான் வெளியே போயிருந்ததால் மனைவி கையெழுத்திட்டு வாங்கி வைத்தார். நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் தெளிவாகத் தெரியும்படி எல்லாப் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதினொரு நிமிடத்தில், கைகூப்பும் பொம்மையோடு பதில் வந்தது: "இது வழக்கமான மிரட்டல் நோட்டீஸ் சார், டென்ஷன் ஆகாதீங்க." நம்பி அலமாரியில் வைத்துவிட்டேன். அது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆவது கட்டளைப்படி தொடுக்கப்பட்ட, நீண்ட விசாரணையில்லாமல் விரைவாக முடியக்கூடிய சுருக்க வழக்கு என்பதும், சம்மன் கிடைத்த பத்து நாள்களுக்குள் ஆஜராகாவிட்டால் வாதி சொன்னதை ஒப்புக்கொண்டதாகக் கொண்டு தீர்ப்பு வழங்கலாம் என்பதும் நேற்று நான் பார்த்த வழக்கறிஞர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பத்து நாள் கெடு சம்மனிலேயே அச்சாகியிருந்தது.

இன்று காலை முதல் நான்கு முறை அந்த நிறுவனத்தை அழைத்தேன். முதலில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள், அடுத்து புகார் எண் கேட்டார்கள், பிறகு "மேலதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார்" என்றார்கள். கடைசியில் பேசியவர், நான் கட்டிய 42,500 ரூபாய் வெறும் ஆலோசனைக் கட்டணம் என்றும், நீதிமன்றத்தில் ஆஜராவது தங்கள் சேவையில் அடங்காது என்றும் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினார். இதைவிட எரிச்சல், வங்கிக் கிளையில் விசாரித்தபோது அப்படி ஒரு நிறுவனம் என் கணக்கு குறித்து அவர்களைத் தொடர்புகொண்டதற்கான பதிவே இல்லை என்றதுதான்.

தீர்ப்பை ரத்து செய்யக் கோரி மனுப் போட வேண்டும். ஆஜராக முடியாமல் போன சிறப்புச் சூழ்நிலையையும், வழக்கில் எதிர்வாதம் செய்ய எனக்கு விஷயம் இருப்பதையும் காட்டினால்தான் நீதிமன்றம் ஏற்கும். ஏற்காவிட்டால் தீர்ப்புத் தொகையை வசூலிக்க வங்கியின் நிறைவேற்று மனு வரும். புதிய வேலையின் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக, எஞ்சியதை ஜப்தி செய்யலாம்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடிவது இவ்வளவுதான். வங்கி வழக்கறிஞரின் நோட்டீஸ் வேறு, நீதிமன்றச் சம்மன் வேறு; முத்திரையும் வழக்கு எண்ணும் இருந்தால் அன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், வசதியில்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். கார்டு பாக்கிக்காக மட்டும் சிறை கிடையாது, ஆனால் காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் குற்ற வழக்கு வரும். சமரசம் பேசுவதென்றால் வங்கியிடம் நேரடியாகப் பேசி, எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். இடையில் யாருக்கும் தவணை கட்டாதீர்கள். என் 42,500 ரூபாய் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. திங்கட்கிழமை மனுத் தாக்கல் செய்ய அதற்கும் மேல் ஒரு தொகையைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.