பில்லில் மாறிய ஆயில் வண்டியில் மாறவில்லை

நான்கு சக்கர இயக்க டிரக் வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீசுக்கு வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டி வந்தது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவோ பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். அந்தப் பயத்தில்தான் மறுவாரமே ஒரு பட்டறையில் விட்டேன். ஆக்சிலுக்குள் இருந்து இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் முன், பின் டிஃபரன்ஷியல் இரண்டுக்கும், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஆயில் மாற்றச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். மாலையில் மூன்றும் மாற்றியதாகப் பில் வந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

சில நாட்களிலேயே, மெதுவாகத் திரும்பும்போதெல்லாம் பின்பக்கம் கடகடவென்று அதிர ஆரம்பித்தது. பட்டறைக்குப் போன் செய்தேன். "புது ஆயில் சார், கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்" என்றார்கள். அதை நம்பி மூன்று வாரம் ஓட்டினேன். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்த மூன்று வாரத்தின் மேல்தான்.

கடைசியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். பின்பக்க டிஃபரன்ஷியலின் ஆயில் துளையை மூடும் பிளக்கின் விளிம்பில் ஸ்பேனர் பட்ட பளபளப்பு இருந்தது. முன்பக்க பிளக்கைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அதன் அறுகோணக் குழிக்குள் ஓடைச் சேறு அப்படியே காய்ந்து, கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு குச்சியால் குத்தித்தான் அதை எடுக்க முடிந்தது. யாரும் அதைத் தொடவே இல்லை.

நானே திறந்தேன். எப்போதும் மேலே இருக்கும் நிரப்பும் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழே வடித்துவிட்டு மேல் பிளக் இறுகிக்கொண்டால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க நேரும். வடிந்து வந்தது ஆயிலே அல்ல, பால் கலந்த காப்பி நிறத்தில் ஒரு குழம்பு. காந்த பிளக்கின் நுனியில் சாம்பல் நிறப் பசை இருந்தது. அது சாதாரணத் தேய்மானம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பசைக்குள் விரலைக் குத்திய இரண்டு உலோகச் செதில்களுக்குத்தான் பயந்தேன். டிஃபரன்ஷியலைச் சுழற்றும் சிறு பல்சக்கரத்தைத் தாங்கும் பினியன் பேரிங் இப்போது வேகத்தில் ஊளையிடுகிறது.

பின்பக்கத்தின் கதை வேறு. அது லிமிடெட் ஸ்லிப் வகை, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது. உள்ளே கிளட்ச் தகடுகள் இருக்கின்றன. அவை சீராக வழுக்குவதற்கு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்த ஆயில் வேண்டும் என்று வண்டியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. இவர்கள் கையில் கிடைத்த மாடிஃபையர் கலக்காத சாதாரண ஜிஎல்-5 தர கியர் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அதை வடித்து, உரிய ஆயிலை நிரப்பு துளையின் கீழ் விளிம்பு வரை நிரப்பி, காலி இடத்தில் எட்டு வடிவத்தில் மெதுவாகப் பல சுற்று ஓட்டியபின் அதிர்வு நின்றது.

படங்களோடு போய்ப் பட்டறை உரிமையாளரைக் கேட்டேன். "பையன் மறந்திருப்பான்" என்று முன்பக்க ஆயிலின் பணத்தை மட்டும் திருப்பித் தந்தார். பேரிங்கைப் பற்றிக் கேட்டதும், "தண்ணீர் எங்கள் பட்டறையிலா இறங்கியது?" என்றார். அன்றைக்கே அந்த பிளக்கைத் திறந்திருந்தால் தண்ணீர் அன்றைக்கே வெளியேறியிருக்கும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

இனி வண்டியை விடுமுன் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஆக்சில் உறையோடு சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். திறந்தால் கோடு விலகும். வடித்த ஆயிலைத் தனித்தனிப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த ஆயில் என்பதைக் கையேட்டைப் பார்த்து நீங்களே எழுதிக் கொடுங்கள். 75டபிள்யூ-90 தடிமனில் ஆயில் கேட்கும் வண்டிக்கு "கெட்டியாக இருந்தால் நல்லது" என்று அதைவிடக் கெட்டியான 140 ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஹைபாய்டு வகைப் பல்சக்கரங்களின் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று சறுக்கவும் செய்வதால் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தேவைப்படுகிறது. மிச்சமானது வீணாகக் கூடாதென்று அதையே ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்ற விடாதீர்கள், கியர் மாற்றத்தைச் சீராக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் கெட்டுப்போகலாம்.

டிரான்ஸ்ஃபர் கேஸின் பிளக் துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. திறந்து மாற்றினார்களா, துடைத்ததோடு விட்டார்களா என்று தெரியவில்லை. என் வண்டியில் அதற்கு உரியது ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில். புதிதாக ஊற்றியிருந்தால் சிவப்பாக வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திறக்கிறேன்.